தெல்தோட்டைச் சீழ்க்கை

அழைப்பிதழில் அவருடைய பெயர் மூன்று வரிகளை எடுத்துக்கொண்டது. முதல் வரியில் பேராசான், மொழிச்செம்மல், ஆய்வுச்சுடர், கலாநிதி. மூன்றாவது வரியில் ஐந்து பட்டங்கள், புள்ளி வைத்த எழுத்துக்களாக. நடு வரியில், நெரிசல் பஸ்ஸில் இரண்டு மூட்டைகளுக்கிடையே மாட்டிக்கொண்ட ஆளைப்போல, லெட்சுமணன். முன்னொட்டு நான்கு, வேர் ஒன்று, பின்னொட்டு ஐந்து என்று அவருடைய மாணவர்கள் எண்ணி வைத்திருந்தார்கள். சொல்லமைப்பைப் பற்றி அவரிடம் இரண்டு வருடம் படித்ததில் அவர்களுக்கு உருப்படியாகக் கிடைத்த எடுத்துக்காட்டு அது ஒன்றுதான்.

அழைப்பு, நூல் வெளியீட்டு விழாவுக்கு. நூலின் பெயர் ‘மொழியின் ஒலியும் சொல்லும்: ஓர் எளிய அறிமுகம்’. ‘எளிய’ என்ற சொல்லை ஏன் பயன்படுத்தினார் என்பதற்கு முன்னுரையில் நான்கு பக்க விளக்கம் இருந்தது. முதல் மூன்று இயல்களில் உதடு எங்கே இருக்கிறது, நாக்கு எதற்கு, ‘பல்’ என்பதன் முதல் ஒலியை மாற்றிக் ‘கல்’ என்றால் பொருள் மாறும், ஆகவே அவை இரண்டு ஒலியன்கள் என்பன போன்ற, எந்த அறிமுக நூலிலும் உள்ள சங்கதிகள். நான்காவது இயல்தான் அவருடைய சொந்தச் சரக்கு. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வேறெந்தத் தமிழிலும் இல்லாத ஓர் ஒலியைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாக அதில் எழுதியிருந்தார். சொல்லின் தொடக்கத்தில் ‘ச’ வரும்போதெல்லாம் அந்த மக்கள் அதனோடு ஒரு மெல்லிய சீழ்க்கையைச் சேர்த்து உச்சரிக்கிறார்களாம். அதற்கு ‘தெல்தோட்டைச் சீழ்க்கை’ என்று பெயரும் சூட்டியிருந்தார். சீழ்க்கையோடு ‘சரி’ என்றால் மரியாதையான உடன்பாடு, சீழ்க்கை இல்லாமல் ‘சரி’ என்றால் சலிப்பு, ஆகவே அது தனி ஒலியன் என்று நிறுவவும் செய்திருந்தார். ஆதித் தமிழர் மலையில் ஒருவரையொருவர் கூப்பிட்ட ஒலியின் எச்சம் அது என்பது அந்த இயலின் கடைசிப் பந்தி. ஆதாரம் என்ன என்று கேட்டால், அவருடைய முகம்தான்.

இந்தச் சீழ்க்கையில்தான் ருஷ்தாவின் வாழ்க்கை சிக்கிக்கொண்டது.

ருஷ்தா அலவத்துகொடக்காரி. பாடசாலையொன்றில் ஒன்பது வருடமாக ஒப்பந்த அடிப்படையில் தமிழ் படிப்பிக்கிறாள். வருடக் கடைசியில் ஒப்பந்தம் முடியும், தையில் மறுபடி பிறக்கும். ஆசிரியர் கலாசாலை ஒன்றில் நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். நேர்முகப் பரீட்சை வருகிற திங்கட்கிழமை. முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வேட்டை மேற்பார்வையாளரின் ஒப்பத்தோடு கொண்டு போக வேண்டும். வயதெல்லை முப்பத்தைந்து. அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்தாறு. மேற்பார்வையாளர், கலாநிதி லெட்சுமணன்.

ஆய்வேடு மலையகப் பேச்சுத் தமிழின் ஒலிகள் பற்றியது. நான்கு மாதம் அதே தோட்டத்துக்குப் போய்வந்து, கலாநிதிக்குச் சொற்களைச் சொல்லிக் காட்டிய அதே ரத்தினம்மா முதலானோரிடம் கேட்டு எழுதியது. அதில் எல்லா ஒலியும் இருந்தது. சீழ்க்கை மட்டும் இல்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, கீழே செருப்புக்கடையும் மேலே கல்வி நிலையமுமாக இருக்கிற கட்டடத்தில் கலாநிதியின் அறை. செவ்வாய்க்கிழமை அவர் ஆய்வேட்டை மேசையில் வைத்து, அது ஏதோ நனைந்த பூனை என்பதுபோல ஒரு விரலால் தள்ளினார்.

“பிள்ளை, நீர் போன நேரம் சரியில்லை. கருவி சரியில்லை. காது சரியில்லை.”

மூன்று ‘சரி’. மூன்றிலும், இரண்டு வருடமாக வகுப்பு முழுவதையும் கேட்டும் கேளாததுபோலக் கூரையைப் பார்க்க வைத்த அந்தச் சிறிய சீழ்க்கை. கலாநிதி மாத்தளையில் பிறந்தவர். ‘ஓம்’, ‘பிள்ளை’, ‘நீர்’ ஆகியவை யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது சேகரித்தவை. சீழ்க்கை எங்கே சேகரித்தது என்று எவரும் கேட்டதில்லை.

“சேர், நாப்பது மணித்தியாலம் ரெக்கோட் ஈக்கிது. ஒரு விசில்கூட வரல்லியே.”

“இல்லையெண்டு சொல்ல நீர் ஆர்?”

“நான் சொல்லல்ல சேர். அந்த ஆக்கள்தான் சொல்லல்ல.”

கலாநிதி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சொற்பொழிவு என்று அர்த்தம். “ஓர் ஆய்வாளனுக்குக் காது எண்டது பிறப்பிலேயே வரவேணும். நான் ஒரு பின்னேரத்திலே கேட்டதை நீர் நாலு மாதத்திலே கேக்கேல்லை. திரும்பப் போம். அதே ரத்தினம்மாட்டைப் போம். சீழ்க்கையோடை வாரும். அப்ப கையெழுத்து.”

“திங்கக்கிழம இன்டர்வியூ சேர்.”

“சனிக்கிழமை என்ரை விழா,” என்றார் அவர், அதைவிடப் பெரிய திங்கட்கிழமை உலகத்தில் இருக்க முடியாது என்பதுபோல.

படியிறங்கும்போது அவளுக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. நான்கு மாதமாகவே அது அவ்வப்போது தோன்றிக்கொண்டுதான் இருந்தது. படிப்பித்தவரைப் பற்றி அப்படி நினைப்பது மரியாதையில்லை என்று அதை அவள் ஒவ்வொரு முறையும் விரட்டிவிட்டாள்.

புதன்கிழமை கலஹா வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினாள். தோட்டத்து மேட்டு லயத்தில் ரத்தினம்மா அப்போதுதான் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வயது, கறாரான கண்.

“வாங்கம்மா வாங்க. இந்த மாசம் எங்க வீட்டு மொற இல்லியே, கடைசி வீட்டு மொறயாச்சே. சரி, ஒங்களுக்கு என்னா மொற. உக்காருங்க.”

மேட்டு லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருபது வீடு. ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கு அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள், கோயில் பூசைக்கு வைப்பதுபோல. பல்கலைக்கழகத்து ஆட்கள், தொண்டு நிறுவனத்து ஆட்கள், கொழும்பிலிருந்து கண்ணீரோடு வந்து படம் எடுக்கிறவர்கள், யாராக இருந்தாலும் அந்த மாதத்து வீட்டுக்காரர்தான் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, பதில் சொல்லி அனுப்ப வேண்டும். பதிலுக்கும் விதி உண்டு. வந்தவர் என்ன எதிர்பார்க்கிறாரோ அதைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கக்கூசுக் கணக்கெடுக்க வந்தவரோடு ஒருவன் தர்க்கம் பண்ணப்போய், வீடு கட்டிக் கொடுக்கிற பட்டியலில் அவன் பெயர் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு எழுதாமல் எழுதப்பட்ட சட்டம் அது.

ருஷ்தா நேராகக் கேட்டாள். “அக்கா, லெட்சுமணன் சேர் வந்த நேரம் ஒங்கள்ட்ட எப்பிடிக் கேட்டார்?”

“என்னத்த கேட்டாரு. அவரேதான் சொல்லுவாரு. ‘சட்டி, சொல்லுங்கோ’ம்பாரு. நான் சட்டின்னேன். ‘அப்பிடியில்லை, வடிவாச் சொல்லுங்கோ’ன்னாரு. என்னடா இது, சட்டிய இதுக்கு மேல எப்பிடிச் சொல்றதுன்னு அவரு வாயப் பாத்தேன். சட்டிக்கு முன்னால ஒரு விசிலு வருது. ஓகோ, இதத்தான் கேக்குறாரு போலன்னு நானும் ஒன்னு வச்சேன். மனுசன் அப்பிடியே குளுந்து போயிட்டாரு! நானூத்திப் பன்னெண்டு வார்த்தம்மா. ராவெல்லாம் வாய் வலி.”

“அது அவர்ட பல்லுல வார சத்தம் அக்கா.”

“தெரியாமலா? மேல் வரிச முன்பல்லு நாலும் கட்டுன பல்லு. எங்க வீட்டுக்காரருக்கும் அதே கேசுதான், அவரு கழட்டி டம்ளர்ல போட்டுட்டுத்தான் பேசுவாரு. ஒரு ஆளு கொறையோட பேசுறப்ப நாம மட்டும் வெட்டு வெட்டுன்னு பேசுனா, குத்திக் காட்டுற மாதிரி இருக்கும்ல?”

ருஷ்தாவுக்கு இப்போது விளங்கியது. பேராசான், மொழிச்செம்மல், ஆய்வுச்சுடர் ஆகிய மூவரும் ஒரே கலாநிதியாகத் திரண்டு மலையேறி வந்து, தம்முடைய பொய்ப்பல்லைத் தாமே பதிவு செய்துகொண்டு போயிருக்கிறார்கள். நான்காவது இயலில் அவர் எழுதியதில் பாதி உண்மை என்பதும் உறைத்தது. சீழ்க்கையோடு சொன்னால் மரியாதை. அவருக்கு மட்டும்.

பிறகு வேறொரு பயம் வந்தது. “அப்ப என்னோட கதச்சது?”

“மொத ரெண்டு நாளு ஒங்க மாதிரிதான் பேசுனேன். ‘ஈக்கிது’, ‘ஈக்கிது’ன்னு சொன்னேனே, கவனிக்கலியா? அப்பறம் நீங்க மெசின அலுமாரி மேல வச்சிட்டு எங்களோட ஒக்காந்து வெங்காயம் உரிச்சீங்க. பெறகு யாரு அதப் பாத்தா, மறந்துட்டோம்.”

ருஷ்தா கைப்பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்து, முதல் இரண்டு நாள் பதிவுகள் இருந்த பக்கங்களின் மூலையை மடித்தாள். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து ரத்தினம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னாம்மா, அந்தாளு கையெழுத்துப் போட மாட்டேங்குறாரா?”

“விசில் வேணுமாம்.”

“இவ்வளவுதானா? எத்தன வேணும்?”

ருஷ்தா சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, கருவியை எடுத்தாள். சட்டி, சோறு, சாமி, சந்தை, சுவர். இருபது சொல், இருபது சீழ்க்கை, ஒவ்வொன்றும் அவ்வளவு துல்லியம். பொய்ப்பல் செய்த வைத்தியரே வந்து கேட்டாலும் வெட்கப்பட்டிருப்பார்.

திரும்பும் பஸ் கலஹாவில் நின்றபோது அவள் அதைக் காதில் வைத்துக் கேட்டாள். வேலை கிடைத்துவிடும். ஆசிரியர் கலாசாலை. அங்கே இந்த நூலைத்தான் பாடமாக வைப்பார்கள், கலாநிதி ஏற்கெனவே அதற்கான கடிதங்களை எழுதித் தள்ளிவிட்டார். வருடம் நூறு பேருக்கு, ஓய்வு பெறும்வரை, நான்காவது இயலை அவள்தான் படிப்பிக்க வேண்டும். நூறு பேரும் மேட்டு லயத்துப் பிள்ளைகள் படிக்கிற பாடசாலைகளுக்குப் போய், உங்கள் பேச்சில் சீழ்க்கை இருக்கிறது, எங்கே, சொல்லுங்கள் என்பார்கள். பிள்ளைகளும் சொல்லும்.

பஸ் மறுபடி புறப்படுவதற்குள் இருபதையும் அழித்தாள். அழித்த பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்.

சனிக்கிழமை வாவிக்கரை மண்டபம். வாழைமரம், நாதஸ்வர ஒலிப்பதிவு, பொன்னாடைகள் ஒரு பெட்டி நிறைய. பிரதம அதிதி ஒரு முன்னாள் கல்வி அதிகாரி, மங்கள விளக்கு ஏற்றிய கையோடு உறங்கிவிட்டார். கலாநிதியின் ஏற்பாட்டில் தெல்தோட்டையிலிருந்து வான் வண்டியில் கொண்டுவரப்பட்ட ரத்தினம்மா, மேடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், பக்கத்து மேசையில் அடுக்கியிருந்த நூல்களோடு நூலாக வைக்கப்பட்டிருந்தாள். ருஷ்தா கடைசி வரிசையில் ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். விழா முடிந்ததும் காலில் விழுந்தாவது கேட்பது என்ற முடிவோடு வந்திருந்தாள். யார் காலிலும் விழக்கூடாது என்று வீட்டில் அவளுக்குப் படிப்பித்திருந்ததால், அதை எப்படிச் செய்வது என்பதுதான் தெரியவில்லை.

இதற்கிடையில் கலாநிதியின் மனைவி ஒரு காரியம் செய்திருந்தார். இரண்டு வருடமாக அந்தச் சீழ்க்கையோடு குடும்பம் நடத்தியவர் அவர். “நீங்க விசிலடிக்கிறீங்க” என்று ஒருமுறை சொன்னதற்குக் கலாநிதி, ஒலியியல் தெரியாதவர்கள் ஒலியைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தார். ஊரார் வாயையெல்லாம் கேட்டவர், தம் வாயை மட்டும் கேட்டதேயில்லை. ஆகவே மனைவி வேறு வழியில் போனார். “போட்டோவுல பல்லு மஞ்சளா விழும், பேப்பர்ல வேற வருது” என்றார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கலாநிதியின் வாயில் புத்தம்புதிய நாலு பல், இடைவெளி இல்லாமல்.

கலாநிதி ஒலிவாங்கியோடு ரத்தினம்மாவிடம் வந்தார். “சபையோரே, இப்பொழுது நீங்கள் கேட்கப் போவது ஆதித் தமிழின் மூச்சு. சட்டி.”

“சட்டி,” என்றாள் ரத்தினம்மா.

சபை காதைத் தீட்டியது. ஒன்றுமில்லை. சோறு வைக்கிற வெறும் சட்டி.

கலாநிதி ஒலிவாங்கியை அவள் உதட்டில் முட்டும்படி வைத்தார். “சோறு.”

“சோறு.”

“சாமி.”

ரத்தினம்மா அவருடைய வாயை உற்றுப் பார்த்தாள். கொழுந்து பார்க்கிற கண் அது, எதையும் தவறவிடாது. “சாமி.”

யாரோ இருமினார்கள். பிரதம அதிதி விழித்துக்கொண்டு கைதட்டினார், பிறகு நிறுத்தினார்.

“பயப்படாதேயுங்கோ அம்மா. இயல்பாச் சொல்லுங்கோ.”

“நீங்க சொல்லுங்க சேர். நீங்க எப்பிடிச் சொல்றீங்களோ அப்பிடியே சொல்றேன்.”

இது ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. நான்காவது இயல் முழுவதற்கும் அதைவிடச் சுருக்கமான மதிப்புரை வர முடியாது. கடைசி வரிசையில் ருஷ்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்வரிசையில் கலாநிதியின் மனைவி அழைப்பிதழால் முகத்தை மறைத்தார். கேட்காத ஆள் ஒருவர்தான்.

அவர் அரை நிமிடம் அசையாமல் நின்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தவர்கள் அவரை அறியாதவர்கள். மெதுவாகச் சபையின் பக்கம் திரும்பினார். குரல் நடுங்கியது, அதுவும் பழகிய நடுக்கம்.

“அன்பர்களே. ஒரு வருடத்துக்கு முன் என் காதாலே கேட்ட ஒலி, இன்று இல்லை. இந்த மண்டபத்திலே, இந்த மேடையிலே, ஓர் ஒலியின் மரணத்துக்கு நீங்கள் சாட்சியாகியிருக்கிறீர்கள். உலகத்திலே எந்த மொழியிலும் இவ்வளவு விரைவான ஒலிமாற்றம் நிகழ்ந்ததில்லை. அதைக் கண்டவனும் நானே!”

மௌன அஞ்சலியோ என்று நினைத்து முன்வரிசையில் இருவர் எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். ஒரு நிமிடம் கழிந்து எல்லோரும் உட்கார்ந்தபோது கலாநிதிக்கு ஒரு யோசனை உதித்திருந்தது.

“என்னுடைய நெறியாள்கையிலே, இந்த மறைவை நான்கு மாதங்களாக ஆவணப்படுத்திய மாணவியும் இங்கே இருக்கிறார். ருஷ்தா, எழும்பும்.”

ருஷ்தா எழும்பினாள். கைதட்டினார்கள். காதில்லாதவள் என்று செவ்வாய்க்கிழமை விரட்டப்பட்டவள், சனிக்கிழமை ஒரு மரண விசாரணையின் முக்கிய சாட்சி.

விருந்தில், ஒரு கையில் ரோல்ஸோடு கலாநிதி அவளிடம் வந்தார். “நாளைக்குக் காலமை அம்பிட்டிய வீட்டுக்கு வாரும். ஒரேயொரு திருத்தம். போன வருசம் சீழ்க்கை இருந்தது, இப்ப இல்லை எண்டு ஒரு அடிக்குறிப்புப் போடும். என்ரை பேர் வரவேணும். கையெழுத்துப் போடுறன்.”

அவர் நகர்ந்ததும் ரத்தினம்மா வந்தாள், இரண்டு கேக் துண்டைக் கடதாசியில் சுற்றியபடி. “ஏம்மா, சேரு பல்ல மாத்திட்டாரு போல. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிவிடக் கூடாதா? சபையில எனக்குல்ல வெக்கமாப் போச்சு.”

அன்றிரவு ருஷ்தா முதல் இரண்டு நாள் பதிவுகளையும் அவற்றிலிருந்து எடுத்த எடுத்துக்காட்டுகளையும் நீக்கினாள். பிறகு அடிக்குறிப்புக்கு உட்கார்ந்தாள். அவர் கேட்டது போன வருடம் சீழ்க்கை இருந்தது என்ற செய்தி. அது இருந்தது உண்மைதான். எங்கே இருந்தது என்பதையும் எழுதினாள்.

ஞாயிறு காலை அம்பிட்டிய ஏற்றத்தில் கலாநிதியின் வீடு. மண்டபத்துப் பொன்னாடைகள் இன்னும் கதிரைகளின் முதுகில் கிடந்தன. அவர் பத்திரிகையில் தம் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பற்கள் வெள்ளையாகத்தான் விழுந்திருந்தன. தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி, மேசையில் விரிந்திருந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தார். வாசித்தார். அதில் இப்படி இருந்தது:

‘முந்திய ஆய்வில், ஒவ்வொரு சொல்லையும் லெட்சுமணன் முதலில் தாமே சொல்லிக் காட்ட, தகவலாளி அதைத் திருப்பிச் சொன்னார். சீழ்க்கை இருவர் பேச்சிலும் இருந்தது. லெட்சுமணன் பொய்ப்பல்லை மாற்றியபின் மறுபடி அப்படிச் சொல்லிக் காட்டியபோது, இருவர் பேச்சிலிருந்தும் ஒரே நேரத்தில் மறைந்தது.’

மனைவி நிமிர்ந்து ருஷ்தாவைப் பார்த்தார். ருஷ்தா பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். மனைவி தேத்தண்ணிக் கோப்பையைக் கலாநிதியின் முன்னால் நகர்த்தி, “சைன் பண்ணுங்க, ஆறிப் போகுது,” என்றார்.

கலாநிதி பேனாவைத் திறந்தார். அடிக்குறிப்பில் விரலை வைத்து ஓட்டினார். விரல் முதல் வரியிலேயே நின்றது. புருவம் ஏறியது.

“என்ன பிள்ளை இது? இப்பிடியோ எழுதுறது?”

“சேர்...”

“வெறும் லெட்சுமணனோ?”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அந்தப் பெயருக்கு முன்னால், வரிக்கு மேலே, தம் கையாலேயே எழுதத் தொடங்கினார். பேராசான். மொழிச்செம்மல். ஆய்வுச்சுடர். ‘கலாநிதி’க்கு இடம் போதவில்லை, அதை ஓரத்தில் செங்குத்தாக எழுதினார். பெயர் இரண்டாம் முறை வந்த இடத்தில், பொய்ப்பல்லுக்குச் சற்று முன்னால், நான்கையும் மறுபடி எழுதினார். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டி, மேற்பார்வையாளர் என்ற இடத்தில் பெரிதாக ஒப்பமிட்டு, திகதி போட்டு, மை காய ஊதினார்.

காற்று மட்டும்தான் வந்தது.